“மாதச் செலவு மொத்தம் எவ்வளவு?” என்று கேட்டால் போதுமா? குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின் வினாத்தாள் பற்றி

பிறைவாசி எழுதியது:

வணக்கம். பினாங்கின் பெருநிலப் பக்கத்தில், பிறை வட்டாரத்து மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நம் குடும்பங்கள் மாதந்தோறும் எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்பதை அறிய எங்கள் குடியிருப்பாளர் குழு ஒரு கணக்கெடுப்பு நடத்தவிருக்கிறது. பிள்ளைகளின் கூடுதல் வகுப்புக் கட்டணத்திற்கு உதவுவதா, மாதாமாதம் மளிகைப் பொருள் கொடுப்பதா, மருத்துவமனைக்குப் போய்வரும் செலவை ஏற்பதா என்று குழுவுக்குள் ஓயாமல் வாதம் நடக்கிறது. எண்கள் கையில் இருந்தால் பேச்சு ஒரு முடிவுக்கு வரும் என்பது எங்கள் எண்ணம்.

இரண்டு பக்க வினாத்தாள் ஒன்றை வரைந்திருக்கிறோம். அதில் மூன்றாவது கேள்வி, “உங்கள் குடும்பத்தின் மாதச் செலவு மொத்தம் எவ்வளவு?” என்பது. பதிலுக்கு ஐந்து கட்டங்கள் உள்ளன. முதல் கட்டம் 1,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) கீழ், கடைசிக் கட்டம் 2,500 வெள்ளிக்கு மேல். இரண்டாம் பக்கத்தில் வாடகை, மின்கட்டணம், கார்த் தவணை, பள்ளிப் பேருந்து ஆகிய நான்கை மட்டும் தனித்தனியே கேட்கிறோம். ஒரு மாடியில் மட்டும் முன்னோட்டம் பார்த்தபோது விந்தையான ஒன்று தெரிந்தது. சில வீடுகளில் அந்த நான்கு செலவுகளைக் கூட்டினாலே, மூன்றாவது கேள்விக்கு அவர்கள் காட்டிய கட்டம் நிரம்பிவிடுகிறது. சோற்றுக்கும் குழம்புக்கும் அதில் இடமே இல்லை. யாரும் பொய் சொன்னதாகத் தெரியவில்லை. சொன்னவர்கள் நிதானமாக யோசித்துத்தான் சொன்னார்கள்.

கேள்வியை எப்படி மாற்றினால் உண்மைக்கு நெருங்கிய தொகை கிடைக்கும்? இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

புள்ளிக்காரன் எழுதியது:

பிறைவாசி அவர்களுக்கு வணக்கம். கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். கணக்கெடுப்புக் களப்பணியிலேயே என் உத்தியோக காலம் கழிந்தது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்வி, பதில் சொல்பவரின் தலையில் பெரிய வேலையொன்றைச் சுமத்துகிறது. அவர் கடந்த சில வாரங்களில் நடந்த நூற்றுக்கணக்கான சிறு செலவுகளை நினைவுக்குக் கொண்டுவந்து, கூட்டி, அதை ஒரு “வழக்கமான” மாதமாக்கி, அரை நிமிடத்தில் சொல்ல வேண்டும். அப்படி யாராலும் செய்ய முடியாது, செய்யவும் மாட்டார்கள். சிலர் சம்பளத்திலிருந்து மிச்சத்தைக் கழித்துச் சொல்வார்கள். சிலர் தம் கையால் கொடுத்த பணத்தை மட்டும் நினைப்பார்கள். வங்கியில் தானாகப் பிடிக்கப்படும் தவணை பலருக்குச் செலவாகவே தோன்றாது. உங்கள் நான்கு உருப்படிகள் கட்டத்தை நிரப்பிய விந்தைக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே பொருள்வாரியாகக் கேட்க வேண்டும் என்பது முதல் முடிவு. பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. எல் சால்வடோரில் 1994இல் ஒரே கணக்கெடுப்பில் சில வீடுகளுக்குச் சுருக்கப் பட்டியலும் மற்ற வீடுகளுக்கு விரிவான பட்டியலும் கொடுத்துப் பார்த்தபோது, விரிவான பட்டியலில் சராசரிச் செலவு 31 விழுக்காடு கூடுதலாக வந்தது. வீடுகள் ஒரே தன்மையானவை, கேள்வித்தாள்தான் வேறு. “காய்கறி” என்று ஒரே வரியில் கேட்டால் வெங்காயமும் தக்காளியும் நினைவுக்கு வரும். தேங்காயும் கறிவேப்பிலையும் வராது.

மூன்றாவது, நினைவுகூரச் சொல்லும் கால அளவு. கானாவில் செய்த ஆய்வொன்றில், அடிக்கடி வாங்கும் பொருள்களுக்கு, நினைவுகூரும் காலத்தில் ஒவ்வொரு நாள் கூடும்போதும் சொல்லப்படும் செலவு சராசரியாக 2.9 விழுக்காடு குறைந்தது. ஏறத்தாழ இரண்டு வாரத்திற்குப் பிறகுதான் அந்தச் சரிவு நின்றது. இதைப் படிப்பவர்கள் உடனே, “அப்படியானால் ஏழு நாளே சரி” என்று முடிவுகட்டிவிடுவார்கள். இந்தியாவின் அனுபவம் அதற்குள் சிக்கலை வைத்திருக்கிறது.

அங்கே 1950களின் தொடக்கத்திலேயே புள்ளியியலாளர் மகலனோபிசும் அவருடன் பணியாற்றியவர்களும், வாரக் கணக்கு மாதக் கணக்கைவிடக் கூடுதலாக வருவதைக் கவனித்தார்கள். எது சரி என்று பார்க்க, மேற்கு வங்கச் சிற்றூர்களில் வீடுகளில் பயன்படும் உணவுப் பொருளை நேரடியாக எடைபோட்டார்கள். மாதக் கணக்கே எடைக்கு நெருங்கியிருந்தது. அதனால் 30 நாள் என்பது அங்கே பல பத்தாண்டுகள் நிலைத்தது. 1994க்கும் 1998க்கும் இடையில் மீண்டும் பரிசோதித்தார்கள். பாதி வீடுகளிடம் உணவுக்கு 7 நாளையும் பாதி வீடுகளிடம் 30 நாளையும் வைத்துக் கேட்டதில், 7 நாள் வீடுகளில் உணவுச் செலவு ஏறத்தாழ 30 விழுக்காடும் மொத்தச் செலவு ஏறத்தாழ 17 விழுக்காடும் கூடுதலாக வந்தன. அந்தக் கணக்கின்படி வறுமை விகிதம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கேள்வித்தாளின் ஒரு வரி கோடிக்கணக்கான மக்களை வறுமைக்கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்திவிட்டது.

இதன் பிறகு இந்தியக் கணக்கெடுப்பின் 1999-2000 சுற்றில் செய்ததுதான் பெருங்குழப்பம். ஒரே வீட்டில், ஒரே தாளில், 7 நாளுக்கு ஒரு பத்தியும் 30 நாளுக்கு ஒரு பத்தியும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். பதில் சொல்பவரும் எழுதுபவரும் இரண்டையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி சரிசெய்யத் தொடங்கினார்கள் என்பது பின்னர் எழுந்த வலுவான விமர்சனம். வறுமை 36 விழுக்காட்டிலிருந்து 26 விழுக்காட்டுக்கு இறங்கியதாக வந்த முடிவு உண்மையான இறக்கமா, தாளின் வேலையா என்று பொருளியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். உங்கள் குழு எந்தக் காரணத்தைக் கொண்டும் இரண்டு கால அளவுகளை ஒரே தாளில் ஒரே பொருளுக்கு வைக்க வேண்டாம்.

பட்டர்வொர்த் ஆசிரியை எழுதியது:

நினைவைச் சோதிப்பதற்குப் பதிலாக எழுதிவைக்கச் சொன்னால் என்ன? நம் நாட்டுப் புள்ளிவிவரத் துறையே குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் நாள்தோறும் எழுதும் குறிப்பேட்டைத்தான் பயன்படுத்துகிறது. ஒரு பள்ளிக் குறிப்பேடும் பேனாவும் கொடுத்தால், வீட்டுக் கணக்கு எழுதும் பழக்கமும் வளரும். நினைவு, மறதி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. 7 நாளா 30 நாளா என்று சண்டையிடவும் வேண்டாம்.

செந்தூல் கணக்கர் எழுதியது:

ஆசிரியை அவர்களின் யோசனையை மதிக்கிறேன். ஆனால் குறிப்பேட்டின் முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மறதி அங்கேயும் இருக்கிறது. முதல் நாள்களில் ஐம்பது சென் ஐஸ் கட்டிகூட ஏறும். போகப்போக, “சாமான் 80” என்று ஒரே வரி வரும். அதற்கும் பிறகு, குறிப்பேட்டை வாங்க நாம் போகும் நாளுக்கு முந்தைய இரவு எல்லா நாள்களும் ஒரே மையில் நிரப்பப்பட்டிருக்கும். அப்போது அது குறிப்பேடு அன்று. தேதி போட்ட நினைவுக் கணக்கு. அரசுத் துறைக்கு வீட்டுக்கு மீண்டும் மீண்டும் போய்ப் பார்க்க ஆள் இருக்கிறது. குடியிருப்புக் குழுவுக்கு இருக்குமா?

இன்னொன்று, குறிப்பேட்டை யார் வைத்திருக்கிறார் என்பது. நம் வீடுகளில் அது அம்மாவின் கையில் இருக்கும். அப்பா பாயான் லெப்பாசில் தொழிற்சாலை உணவகத்தில் சாப்பிடுவது, மகள் கல்லூரிக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் வாங்கும் மீ கோரெங், மகன் இரவு மாமாக் கடையில் குடிக்கும் தே தாரிக், இவற்றில் ஒன்றும் அம்மாவுக்குத் தெரியாது. இது சில்லறை விஷயம் அன்று. புள்ளிவிவரத் துறையின் 2022ஆம் ஆண்டு முடிவுகளில், வீட்டு உணவுக்கான பங்கும் உணவகம், தங்குமிடம் ஆகியவற்றுக்கான பங்கும் ஏறக்குறையச் சமம். இரண்டும் மொத்தச் செலவில் 16 விழுக்காட்டை ஒட்டி நிற்கின்றன. வெளிச்சாப்பாட்டை ஒரே ஆளிடம் கேட்டு வாங்கும் தாள், சமையலறைக்குச் சமமான ஒரு பெரும்பகுதியைக் கோட்டைவிடும்.

தான்சானியாவில் 2007-08இல் ஏறத்தாழ 4,000 வீடுகளை எட்டுக் குழுக்களாகக் குலுக்கிப் பிரித்து, எட்டு விதமான தாள்களைக் கொடுத்த ஆய்வு ஒன்று உண்டு. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனிக் குறிப்பேடு எழுத, களப்பணியாளர் அடிக்கடி வந்து சரிபார்த்த முறையை அவர்கள் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒரே குறிப்பேடு கொடுத்தபோது தொகை இறங்கியது. நீண்ட பட்டியலும் 7 நாள் நினைவும் சேர்ந்த நேர்காணல்தான் அளவுகோலுக்கு நெருங்கி வந்தது. “வழக்கமாக ஒரு மாதத்தில் எவ்வளவு?” என்று கேட்ட தாள் நன்றாகவே குறைத்துக் காட்டியது, அதற்கு நேரமும் கூடுதலாகப் பிடித்தது. ஒரு மாதத்தைச் சராசரி செய்து சொல்வது மனத்திற்குச் சுலபமான வேலையன்று.

வாடகையைப் பற்றியும் ஒரு சொல். கோலாலம்பூரில் மாநகர் மன்றத்தின் மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடியில் மாத வாடகை 124 வெள்ளி. அதே அளவு வீட்டை வெளியில் எடுத்தால் அதன் பல மடங்கு ஆகும். சொந்த வீட்டுக்காரர் வாடகையே கொடுப்பதில்லை. அதனால் அரசின் கணக்கெடுப்பில் சொந்த வீட்டுக்கும் ஒரு வாடகை மதிப்பு போட்டுச் செலவில் சேர்த்துவிடுகிறார்கள். 2022இல் மலேசியக் குடும்பத்தின் சராசரி மாதச் செலவு 5,150 வெள்ளி என்று நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இந்த மதிப்பும் உண்டு. பிறைவாசி தம் குடியிருப்பின் தொகையை அந்த 5,150 பக்கத்தில் வைத்து, “நம்மவர்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் பாருங்கள்” என்று கூட்டத்தில் காட்டினால், அந்த இடைவெளியில் ஒரு பகுதி ஏழ்மையால் வந்தது அன்று. வாடகையை எண்ணிய விதத்தால் வந்ததாக இருக்கும்.

பிறைவாசி எழுதியது:

நன்றி. 5,150 வெள்ளியோடு ஒப்பிட்டு ஒரு படவிளக்கம் தயாரிக்க வேண்டும் என்று குழுவில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. அதை நிறுத்திவைக்கச் சொல்கிறேன். இரண்டு சந்தேகங்கள். கட்டங்களை வைத்தால் மக்கள் கூச்சமில்லாமல் பதில் சொல்கிறார்கள். நேரடித் தொகை கேட்டால் தயங்குகிறார்கள். கட்டங்களால் என்ன கெடுதல்? அடுத்து, பத்துக் கிலோ அரிசி மூட்டை, தவணையில் எடுத்த துணி துவைக்கும் இயந்திரம், மளிகைக் கடைப் பற்று, இவற்றை எந்த மாதச் செலவாக எழுதுவது?

புள்ளிக்காரன் எழுதியது:

கட்டங்கள் வெறும் பெட்டிகள் அல்ல. அவை பதில் சொல்பவருக்குச் செய்தியும் சொல்கின்றன. செருமனியில் நடத்தி 1985இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்று இரண்டு விதக் கட்டங்களோடு கேட்டார்கள். அரை மணி நேரத்திலிருந்து தொடங்கும் சிறிய கட்டங்களைப் பார்த்தவர்களில் 16.2 விழுக்காட்டினர் இரண்டரை மணி நேரத்திற்கு மேல் பார்ப்பதாகச் சொன்னார்கள். இரண்டரை மணி நேரத்திலிருந்து மேலே ஏறும் கட்டங்களைப் பார்த்தவர்களில் 37.5 விழுக்காட்டினர் அப்படிச் சொன்னார்கள். நடுக்கட்டம்தான் சராசரி மனிதருடையது என்று மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் தாளில் கடைசிக் கட்டம் 2,500க்கு மேல். அதைக் காட்டுவது தம்மை ஊதாரி என்று ஒப்புக்கொள்வதாகத் தோன்றும். முதல் கட்டம் இல்லாமையை ஒப்புக்கொள்வதாகத் தோன்றும். எல்லாரும் நடுவில் வந்து கூடுவார்கள். முதலில் தொகையைக் கேளுங்கள். மறுத்தால் மட்டும் கட்டத்தைக் காட்டுங்கள்.

அரிசி மூட்டை நல்ல கேள்வி. இங்கே வாங்கியது, பணம் கொடுத்தது, பயன்படுத்தியது என மூன்று வேறு கணக்குகள் உண்டு. போன வாரம் மூட்டை வாங்கிய வீட்டின் 7 நாள் உணவுச் செலவு திடீரென்று உயர்ந்திருக்கும். அதற்கு முந்தைய வாரம் வாங்கிய அண்டை வீட்டில் அரிசிக்குச் சுழியம் விழும். இருவரும் தின்றது ஒரே அளவு. நிறைய வீடுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். ஆனால் எந்த வீடு வறிய வீடு என்று வரிசைப்படுத்தப் போனால் மோசம் போய்விடுவீர்கள். மூட்டை வாங்காத வாரத்தில் சிக்கிய வீடெல்லாம் ஏழை வீடாகத் தெரியும். அதனால் உணவுக்கு, வாங்கிய தொகையைவிடக் கடந்த 7 நாளில் சமைத்த அளவைக் கேட்டு, அதற்கு விலை போடுவது மேல். “மூட்டை எத்தனை நாள் வரும்?” என்ற ஒரு துணைக்கேள்வி போதும்.

துணி, பள்ளிச் சீருடை, வீட்டுச் சாதனம், மருத்துவமனையில் தங்கிய செலவு போன்றவற்றுக்கு ஓராண்டைக் கேளுங்கள். 30 நாள் வைத்தால் பெரும்பாலான வீடுகள் சுழியம் சொல்லும். ஒரு சில வீடுகள் பெருந்தொகை சொல்லும். ஓராண்டு வைத்தால் சராசரி சற்று இறங்கும், ஏனென்றால் மறதி வேலை செய்கிறது. ஆனால் ஏறக்குறைய எல்லா வீடும் ஏதோ ஒரு தொகை சொல்லும், அடிமட்டத்திலுள்ள வீடுகளின் நிலை தெளிவாகத் தெரியும். உங்கள் நோக்கத்திற்கு இரண்டாவதுதான் வேண்டும். இந்தியாவிலும் கடைசியில் இப்படித்தான் பிரித்தார்கள்: காய்கறி, மீன், எண்ணெய் போன்றவற்றுக்கு 7 நாள், அரிசி, பருப்பு, எரிபொருள் போன்றவற்றுக்கு 30 நாள், துணிமணி, கல்வி, சாதனங்களுக்கு 365 நாள்.

இதில் எதிர்த்திசைப் பிழை ஒன்றும் உண்டு. பெரிய செலவை மக்கள் மறப்பதில்லை. ஆனால் அதன் தேதியை முன்னுக்கு இழுத்துவிடுவார்கள். பதினாறு மாதத்திற்கு முன் வாங்கிய குளிர்பதனப் பெட்டி “போன வருஷம்தானே” என்று உள்ளே வந்துவிடும். அமெரிக்காவில் வீட்டுப் பழுதுபார்ப்புச் செலவை வைத்து 1964இல் நேட்டர், வாக்ஸ்பெர்க் என்ற ஆய்வாளர்கள் இதை விரிவாகக் காட்டினார்கள். முதல் சந்திப்பில் சொன்னதைக் குறித்துவைத்து, இரண்டாவது சந்திப்பில் “நான் சென்ற முறை வந்துபோன பிறகு” என்று எல்லை போட்டுக் கேட்பதே அவர்கள் பார்த்த மருந்து. இரண்டு முறை போக இயலாவிட்டால் எல்லோரும் அறிந்த ஒரு நாளை எல்லையாக வையுங்கள். “கடந்த தைப்பூசத்திற்குப் பிறகு” என்று கேட்டால் பத்துமலையோ தண்ணீர்மலையோ போன நினைவோடு பொருளும் தன் இடத்தில் போய் நிற்கும். ஓராண்டுக்கு எத்தனை மாதம் குறைகிறதோ அதைக் கணக்கிடும்போது சரிசெய்துகொள்ளலாம்.

தவணைப் பொருளுக்குப் பொருளின் விலை தனி, மாதத் தவணை தனி. தவணையைக் கடன் பகுதியில் எழுதுங்கள். செலவில் இரண்டையும் சேர்த்தால் ஒரே இயந்திரத்தை இருமுறை வாங்கியதாகிவிடும். கடைப் பற்றும் அப்படியே: சாமான் வீட்டுக்கு வந்த நாளில் செலவு, பற்று அடைத்த நாளில் கடன் தீர்ப்பு.

சில்லறைப் பேச்சு எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி ஓர் அடுக்குமாடிக்குத் தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. உதவி யாருக்குத் தேவை என்று மாடியிலுள்ள நான்கு பெண்களைக் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். தவிரவும், உதவி கொடுக்கும் குழுவே வந்து செலவு கேட்டால், மக்கள் கணக்கைப் பார்த்தா சொல்வார்கள், குழுவின் முகத்தைப் பார்த்தா சொல்வார்கள்? மளிகை உதவி வருகிறது என்று காதில் விழுந்துவிட்டால், மளிகைச் செலவு ஒவ்வொரு வீட்டிலும் ஏறியிருக்கும். நீங்கள் கால அளவை எவ்வளவு நுணுக்கமாக அமைத்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

வறுமை என்ற எண்ணும் அப்படித்தான். நம் நாட்டின் வறுமைக்கோட்டு வருமானத்தை 2020இல் 980 வெள்ளியிலிருந்து 2,208 வெள்ளிக்கு மாற்றியபோது, 2016ஆம் ஆண்டின் வறுமை விகிதம் 0.4இலிருந்து 7.6 விழுக்காடாயிற்று. அந்த ஆண்டு வாழ்ந்த குடும்பங்களின் சட்டியில் ஒரு பருக்கையும் மாறவில்லை.

செந்தூல் கணக்கர் எழுதியது:

நான்கு பெண்கள் சொல்வது யாருக்கு உதவி என்பதற்குப் பதில். பிறைவாசியின் குழு கேட்பது எதற்கு உதவி என்பதை. இரண்டும் வேறு. ஆனால் குழுவின் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள் என்ற எச்சரிக்கை சரியானது; அதைத் தள்ளிவிட வேண்டாம். பக்கத்துக் குடியிருப்பின் தன்னார்வலர்களை வைத்துக் கேட்கலாம். கணக்கெடுப்பு முடியும்வரை எந்த உதவி என்று அறிவிக்காமல் இருக்கலாம்.

பட்டர்வொர்த் ஆசிரியை எழுதியது:

குறிப்பேடு பற்றிய மறுப்பை ஏற்றுக்கொள்ள எனக்கு இன்னும் முழு மனமில்லை. சரிபார்க்க ஆளிருந்தால் அதுவே சிறந்தது என்பதைத் தான்சானியாவின் அளவுகோலே காட்டுகிறதல்லவா? ஆளில்லை என்பதால் விட்டுக்கொடுக்கிறேன்.

நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு வேறொரு விவரத் திரட்டுக்காக ஒரு மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். தாயாரிடம் காய்கறிக்கு எவ்வளவு என்று கேட்டதும், “வாரம் அம்பது வெள்ளி இருக்கும் டீச்சர்” என்றார். அது நினைவன்று, வாய்ப்பாடு. பிறகு அவரே எழுந்து போய்க் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே, “இது சனிக்கிழமை இரவுச் சந்தையில் வாங்கியது, இது நேற்று வேன்காரரிடம், இந்த மீன் மட்டும் அவர் கொண்டுவந்தார், விலை தெரியாது” என்றார். எழுதிக் கூட்டியபோது தொகை அம்பதை நன்றாகத் தாண்டியிருந்தது. மகள் கைப்பேசியின் மின்பணப்பையைத் திறந்து காட்டியபோது இன்னும் இரண்டு செலவுகள் கிடைத்தன. ஆகவே கேள்வியைப் பொருள்வாரியாக மட்டும் அமைக்காமல், வாங்கிய இடவாரியாகவும் ஒரு சுற்று கேட்கலாம் என்பது என் கருத்து: காலைச் சந்தை, இரவுச் சந்தை, வேன்காரர், பேரங்காடி, மின்பணப்பை. நினைவு பொருளைவிட இடத்தைச் சுலபமாகப் பிடித்துக்கொள்கிறது.

கூச்சமான செலவுகளும் உண்டு. பீர், சிகரெட், நம்பர் (லாட்டரி) வாங்குவது, ஆலோங் எனப்படும் கந்துவட்டிக்காரரிடம் கட்டும் வட்டி. மனைவி பக்கத்தில் இருக்கும்போது கணவரும், மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகளும் இவற்றைச் சொல்லமாட்டார்கள். “நீங்கள் மது அருந்துவீர்களா?” என்று தொடங்கினால் கதவு சாத்தப்படும். விருந்தினர் வந்தால், திருவிழா வந்தால் என்று ஒரு வரிசையில் வைத்து, குளிர்பானத்திற்கு அடுத்தபடியாக அதையும் கேட்டால் பதில் வரும். அப்படியும் இந்தப் பகுதி குறைவாகத்தான் வரும். அதை உண்மை என்று நம்பி அறிக்கையில் எழுதக்கூடாது. மொய், கோயில் நன்கொடை ஆகியவற்றுக்கு நேர்மாறு. அவற்றைப் பெருமையோடு சொல்வார்கள். திருமண மாதத்தில் மொய் ஒரு வீட்டின் மளிகைச் செலவை விழுங்கிவிடும் என்பதால், அதைத் தனி வரியாக ஓராண்டுக்குக் கேட்பதே நல்லது.

வரிசையைப் பற்றி இன்னும் ஒன்று. வருமானத்தை முதலில் கேட்காதீர்கள். கேட்டுவிட்டால், பின்னால் வரும் செலவெல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கும்படி சுருங்கிவிடும்.

புள்ளிக்காரன் எழுதியது:

இடவாரிச் சுற்று அருமையான யோசனை. இரட்டிப்பு நேராமல் களப்பணியாளருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வருமானத்தைக் கடைசியில் கேட்பதில் இன்னொரு பயனும் உண்டு. கனடா 2009 வரை நடத்திய முறையில், ஆண்டு வருமானம், செலவு, சேமிப்பு அல்லது கடன் மாற்றம் ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துவருகின்றனவா என்று பார்த்து, பெரிய இடைவெளி இருந்தால் அந்த இடத்திலேயே திரும்பக் கேட்பார்கள். நீங்களும் கடைசிப் பக்கத்தில் அப்படி ஒரு கூட்டல் வைக்கலாம். ஆனால் பதிலைத் திருத்தும்படி வற்புறுத்தாதீர்கள். “இவ்வளவு வித்தியாசம் வருகிறதே, எதையாவது விட்டுவிட்டோமா?” என்று கேட்டு நிறுத்துங்கள்.

எந்த மாதத்தில் நடத்தப் போகிறீர்கள்? தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போனால் முறுக்குக்கு வாங்கிய மாவும் எண்ணெயும் வழக்கமான உணவாக ஏறிவிடும். அரசின் கணக்கெடுப்பு பன்னிரண்டு மாதங்களிலும் பரவியிருப்பது இதற்காகத்தான்.

பிறைவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குழுவில் பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம். மூன்றாவது கேள்வியை எடுத்துவிடுகிறோம். உணவுக்கு 7 நாள், பொருள்வாரியாகக் கேட்டு, பின்னர் வாங்கிய இடங்களைச் சொல்லி விட்டுப்போனதைச் சேர்க்கிறோம். வெளிச்சாப்பாட்டை, வீட்டில் அப்போது இருக்கும் ஒவ்வொரு பெரியவரிடமும் காலைப் பசியாறல், மதியம், இரவு என்று நேற்றைய நாளுக்கும் அதற்கு முந்தைய நாளுக்கும் மட்டும் கேட்கிறோம். கட்டணங்களுக்கு 30 நாள். துணி, பள்ளி, மருத்துவம், மொய் ஆகியவற்றுக்குத் தைப்பூசம் எல்லை. வாடகையில், கொடுப்பதையும் “இதே வீட்டை வெளியாருக்கு விட்டால் எவ்வளவு வரும்?” என்பதையும் தனித்தனியே எழுதுகிறோம். தீபாவளிக்குப் பின் இரண்டு சம்பள நாள்கள் கழிந்து தொடங்குகிறோம். தாள் ஆறு பக்கமாகிவிட்டது. முழுத்தாளையும் எல்லா வீடுகளிலும் நிரப்ப எங்களுக்கு ஆள் போதாது என்பதே இப்போதைய சிக்கல். பாதி வீடுகளில் பழைய இரண்டு பக்கத் தாளையே வைத்துக்கொள்ளலாமா?

புள்ளிக்காரன் எழுதியது:

தாராளமாக. ஆனால் எந்த வீட்டுக்கு எந்தத் தாள் என்பதைக் களப்பணியாளர் முடிவு செய்யக்கூடாது. விட்டால், பேச்சுக்கொடுக்கும் வீட்டுக்கு நீண்ட தாளும் முகம் சுளிக்கும் வீட்டுக்குச் சின்னத் தாளும் போய்விடும். வீட்டு எண்களை எழுதிச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். மாடிவாரியாகப் பிரிக்க வேண்டாம், கீழ்மாடியில் முதியவர்கள் கூடுதலாக இருப்பார்கள். ஆறு பக்கத் தாளை வெளிர்மஞ்சளில் அச்சிட்டால் கலந்துபோகாது. சின்னத் தாளின் ஐந்து கட்டங்களை நீக்கி, தொகையை நேரடியாகக் கேளுங்கள். கடைசியில் இரண்டு நிறத் தாள்களின் சராசரியையும் தனித்தனியே எழுதுங்கள், ஒன்றாகக் கூட்டிவிடாதீர்கள். அவற்றுக்கிடையே வரும் வித்தியாசத்தை வேறு எந்தக் குடியிருப்புக் குழுவும் நம் நாட்டில் எடுத்துப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதை இங்கே பதிவிட்டால் அடுத்து வருபவர்களுக்கு உதவும்.